வே புரோட்டீன் குடித்தால் டெங்கு வராதா?

"தினமும் ஒரு கரண்டி வே புரோட்டீன் குடித்தால் டெங்கு அண்டாது, விலை கூடின டின்தான் வேலை செய்யும்." யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவல் தவறு. வே புரோட்டீன் என்பது பாலிலிருந்து எடுக்கும் புரத மா. டெங்கு நுளம்பால் பரவுவது. எந்த மாவும் அதைத் தடுக்காது. நோய் எதிர்ப்புக்குப் புரதம் தேவை, சரி. அது சூடை மீனிலும் பயறிலும் இருக்கிறதே! ஒரு முட்டையிலேயே சுமார் 6 கிராம்.

அப்படியும் வாங்குவதென்றால் டின்னைத் திருப்பிப் பாருங்கள். 30 கிராம் மாவில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கட்டும். கிளைசின், டோரின் என்ற அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்திருந்தால் கவனம்: புரத அளவைக் கூட்டிக் காட்டச் சிலர் செய்யும் வேலை அது. விலையை டின்னிலுள்ள மொத்தப் புரதக் கிராமால் வகுத்தால் எது மலிவென்று தெரிந்துவிடும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். காய்ச்சலென்றால் டின்னை நம்பி வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.