விடப்பட்ட கோரிக்கைகள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன?

ஊராட்சி ஒன்றியத்தில் பணி மேற்பார்வையாளராக, ஊர் வழக்கில் ஓவர்சியராக, இருபத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் பக்கத்து ஊராட்சியின் செயலர் வீட்டுக்கு வந்து, கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தின் வரைவைக் கையில் கொடுத்து, “சார், கிராம சபையில வைக்கணும், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்டார். அதில் 41 பணிகள் இருந்தன. பெரும்பாலானவை பேவர் பிளாக், சிமெண்ட் சாலை, வடிகால், மின்மோட்டார். மூன்று இடங்களில் அந்த ஊராட்சியிலேயே இல்லாத ஒரு குக்கிராமத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தது. வேறோர் ஊராட்சியின் கோப்பை எடுத்துப் பெயர்களை மாற்றும்போது அந்த மூன்று மட்டும் கண்ணுக்குத் தப்பியிருக்கின்றன.

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரே மதிப்பீட்டை மூன்று ஊர்களுக்கு, நீளத்தையும் பெயரையும் மட்டும் மாற்றி நானே எழுதியிருக்கிறேன். மேலிருந்து வரும் படிவத்தைக் குறித்த நாளுக்குள் நிரப்பி அனுப்புவதுதான் வேலை என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது. இப்போதும் பெரிதாக மாறிவிடவில்லை. ஒரு திட்டம் நல்லதா கெட்டதா என்று கேட்டால், மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் பதிவேற்றியாகிவிட்டதா என்பதுதான் பதிலாக வருகிறது. என் காலத்தில் ஒன்றியத்தில் நாங்கள் சரிபார்த்ததும் பணிகளின் கூட்டுத்தொகை ஒதுக்கீட்டைத் தாண்டுகிறதா என்பதை மட்டுமே.

73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் வழியே வந்த 243ஜி பிரிவு, பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் திட்டங்கள் தயாரிக்கும் அதிகாரத்தை மாநில அரசுகள் ஊராட்சிகளுக்குச் சட்டமியற்றி வழங்கலாம் என்கிறது. பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 துறைகள் இருக்கின்றன. ஆனால் அடிப்படை வசதிகளுக்கென்று ஊராட்சிகளுக்கு நிச்சயமான பெருந்தொகை வரத் தொடங்கியது 2015-இல், மத்திய வரிப்பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில் பதினான்காவதின் மானியத்தோடுதான். வளர்ச்சித் திட்டம் கட்டாயமானதும் அப்போதுதான். ஆகவே சமூக நீதி என்ற சொல்லை அந்தப் பிரிவு பயன்படுத்தியிருந்தாலும், திட்டம் என்பது வந்திருக்கும் பணத்தைச் செலவழிக்கும் பட்டியல் என்ற எண்ணமே ஊர்களில் பதிந்துவிட்டது.

அந்தப் பணமும் கட்டுக்கயிறு இல்லாமல் வருவதில்லை. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மானியத்தில் 60 விழுக்காட்டை நிபந்தனையோடு கொடுத்தது: பாதி குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும், பாதி சுகாதாரத்துக்கும். மீதி 40 விழுக்காட்டில்தான் ஊர் தன் விருப்பத்தைக் காட்ட முடிந்தது. பள்ளியும் மருத்துவமும் ரேஷனும் அந்தந்தத் துறைகளின் கையில் இருக்கின்றன. எனவே ஊராட்சித் திட்டத்தில் கல்வி பற்றி ஒன்றுமில்லையே என்று குறைசொல்லும் ஆய்வறிக்கைகளைப் படிக்கும்போது எனக்குச் சற்று எரிச்சல் வருவதுண்டு. கையில் இல்லாத சாவிக்கு ஊராட்சியைக் கணக்குக் கேட்பது நியாயமில்லை. கையில் இருக்கும் சாவியால் எந்தக் கதவைத் திறந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த வரைவில் ஒரு பணியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். “காலனி கடைசித் தெருவுக்குக் குடிநீர்ப் பற்றாக்குறை: புதிய ஆழ்துளைக் கிணறும் 30,000 லிட்டர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியும் அமைத்தல்.” படிப்பதற்குக் குற்றமில்லாத வரி. குடிநீர், ஆதிதிராவிடர் குடியிருப்பு, நிபந்தனை மானியத்துக்குள் அடங்கும் செலவு. மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்தத் தெருவில் போய் நின்றேன். தொட்டியைத் திறந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் அங்கே தண்ணீர் எட்டிப் பார்த்தது, அதுவும் நூல் பிடித்தாற்போல. ஒவ்வொரு வீட்டின் முன்னும் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. குழாயைத் தரைக்குக் கீழே வெட்டி, குழியின் அடியில் குடத்தை வைத்தால்தான் தண்ணீர் விழுகிறது. ஓர் அம்மா குழிக்குள் இறங்கிக் குடத்தை நிரப்பி, அதை விளிம்பில் ஏற்றி வைத்துவிட்டு, கையை ஊன்றிக் கரையேறி, பிறகு இடுப்பில் எடுத்தார். மழை பெய்தால் குழி நிறைந்து சாக்கடைத் தண்ணீர் குழாய் வாய்க்கு மேல் நிற்கும் என்று சொன்னார்.

தொட்டியில் தண்ணீர் குறைவில்லை. ஒரே பைப்லைன் மூன்று தெருக்களைக் கடந்து கடைசியில் இந்தத் தெருவுக்கு வருகிறது. நடுவில் ஒரு வால்வுகூடக் கிடையாது. மேல் தெருக்களில் சில வீடுகளில் குழாயோடு நேராக மோட்டாரை இணைத்து உறிஞ்சுகிறார்கள். அவர்கள் ஊரில் சொல் செல்லக்கூடியவர்கள். ஆகவே தீர்வு இரண்டு கேட் வால்வுகளும், தொட்டியிலிருந்து காலனிக்கென்று தனியே ஒரு லைனும், அந்த மோட்டார்களைக் கழற்றுவதும்தான். முதல் இரண்டுக்கும் ஆகும் செலவு, புதிய தொட்டிக்கு ஆகும் செலவில் சிறு பகுதி. மூன்றாவதற்குச் செலவே இல்லை, நெஞ்சுறுதி வேண்டும். ஆனால் செலவில்லாத காரியத்துக்கு மதிப்பீடு போட முடியாது, மதிப்பீடு இல்லாதது பணி ஆகாது, பணி ஆகாதது திட்டத்தில் ஏறாது. செலவில்லாத, குறைந்த செலவிலான செயல்களையும் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் வலியுறுத்துகின்றன. நான் பார்த்த திட்டங்களில் அந்தப் பகுதியில் ஏதாவது விழிப்புணர்வு ஊர்வலம்தான் இருக்கும்.

ஒரு திட்டத்தின் தரத்தை நான் முதலில் இப்படித்தான் பார்ப்பேன்: எழுதியவர் குறையைக் கண்டாரா, பணியை மட்டும் கண்டாரா. பணியை மட்டும் கண்டவர் எழுதிய திட்டத்தில் பராமரிப்பும் இருக்காது. புதிய தொட்டி கட்டினால் அதற்கு ஓர் ஆபரேட்டர் வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும், மோட்டார் எரிந்தால் சுருள் கட்ட வேண்டும். பல சிற்றூராட்சிகளின் பொது நிதியில் மின்கட்டணமும் சம்பளமும் போக மிச்சம் என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை என்பது அந்தக் கணக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அரசுக்கு இந்தக் கவலை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளை ஊராட்சி அளவுக்கு இறக்கி, வறுமையற்ற ஊராட்சி, குழந்தை நேய ஊராட்சி, பெண்கள் நேய ஊராட்சி என்று ஒன்பது கருப்பொருள்களை வகுத்திருக்கிறார்கள். அவற்றின் அடிப்படையில் 2025-இல் ஊராட்சி முன்னேற்றக் குறியீடு வெளியானது. 435 குறியீட்டுக் கூறுகளைக் கொண்டு ஊராட்சிகளுக்கு மதிப்பெண் போட்டு ஐந்து தரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பெரிய உழைப்பு. ஆனால் அது ஊராட்சியின் நிலையை அளக்கிறது, திட்டத்தை அளக்கவில்லை. நகரத்தை ஒட்டி, பேருந்தும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் ஏற்கெனவே உள்ள ஊராட்சி, நகலெடுத்த திட்டத்தோடும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். சவ்வாது மலையில் உள்ள ஓர் ஊராட்சி மிகக் கவனமாகத் திட்டம் போட்டிருந்தாலும் கீழ்த்தரத்திலேயே நிற்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு மதிப்பெண்ணைப் பரிசாகவும் தண்டனையாகவும் ஆக்கினால், அடுத்த முறை விவரம் நிரப்புகிற கை சற்றுத் தாராளமாகிவிடும். கருப்பொருள் விளையாட்டு இப்போதே தொடங்கிவிட்டது. என் கையில் இருந்த வரைவில் ஒரு தெருவிளக்கு ‘பெண்கள் நேய’ தலைப்பிலும், அதே தெருவிளக்கு ‘தன்னிறைவு உட்கட்டமைப்பு’ தலைப்பிலும் இடம்பெற்றிருந்தது.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் வீடுவீடாகக் கேட்டுத் தொகுக்கிற கிராம வறுமை ஒழிப்புத் திட்டத்தின் கதியும் இதுதான். யாருக்கு விதவை உதவித்தொகை வரவில்லை, எந்த வீட்டில் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது என்று அந்தப் பெண்கள் பெயர் பெயராக எழுதியிருந்தார்கள். மொத்த வரைவிலும் உண்மையான தகவல் அதில்தான் இருந்தது. அது பின்னிணைப்பாகச் செருகப்பட்டு, முன்பக்கப் பணிகளோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் கிடந்தது.

கேரளத்தை எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், வேறு காரணத்துக்காக. ஊர்களே தங்கள் திட்டத்தைத் தீட்டும் ‘மக்கள் திட்டம்’ 1996 ஆகஸ்டில் தொடங்கியபோது அங்கேயும் முதல் ஆண்டுத் திட்டங்கள் பலவீனமாகத்தான் இருந்தன. பல, துறைகளின் பழைய திட்டங்களையே திருப்பி எழுதியவை. அதைக் கண்டவர்கள் ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் மருத்துவர்களையும் வேளாண் அலுவலர்களையும் தன்னார்வத் தொழில்நுட்பக் குழுவாகத் திரட்டி, ஒவ்வொரு திட்ட அறிக்கையையும் பணம் போவதற்கு முன் படித்துப் பார்க்க வைத்தார்கள். அதற்கும் முன்னால் ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் நிலவரத்தைப் பற்றி ஒரு வளர்ச்சி அறிக்கை எழுதி, வளர்ச்சிக் கருத்தரங்கில் வைத்து விவாதித்தது. குறையைப் பற்றிய எழுத்து முதலில், பணி பிறகு. நம்மிடமும் ஒன்றியத்துக்குப் பத்துப் பேராவது என்னைப்போல வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார்கள்.

தமிழ்நாட்டில் இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். மாநிலம் முழுவதும் 388 ஒன்றியங்களில் சுமார் 12,500 ஊராட்சிகள் என்றால், ஓர் ஒன்றியத்துக்குச் சராசரியாக 32 ஊராட்சிகள். அத்தனைத் திட்டங்களையும் தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. தலைவர் இருந்தபோது மட்டும் எல்லாம் சரியாக இருந்ததா என்றால் இல்லைதான். ஆனால் என் தெருவை ஏன் விட்டாய் என்று கேட்க ஒரு முகம் இருந்தது.

அந்தக் கேள்வியைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். எந்தத் திட்டத்திலும் எடுத்துக்கொண்டவை மட்டுமே இருக்கின்றன. கேட்கப்பட்டு விடப்பட்டவை எவை, ஏன் விடப்பட்டன என்ற பக்கம் நான் பார்த்த எதிலும் இல்லை. அந்தப் பக்கம் இல்லாவிட்டால் முன்னுரிமை என்ற ஒன்று நடந்ததற்கே சான்று இல்லை. யார் முதலில் வந்து நின்றாரோ, யார் குரல் பெரிதோ, அவருடைய பணி ஏறியிருக்கும்.

செயலரும் நானும் இரண்டு மாலைகள் உட்கார்ந்தோம். முந்தைய கிராம சபைகளின் தீர்மானப் புத்தகத்தையும் மகளிர் குழுப் பட்டியலையும் வைத்துக்கொண்டு, வந்த கோரிக்கைகள் அனைத்தையும் குக்கிராம வாரியாக எழுதினோம். 63 வந்தன. அவற்றில் 19-ஐ எடுத்துக்கொண்டு, மற்ற 44-க்கும் எதிரே ஒரு வரிக் காரணம் எழுதினோம்: துறைக்கு அனுப்பப்பட்டது, பட்டா நிலம், மூன்று ஆண்டுகளுக்கு முன் போட்ட சாலை நன்றாக இருக்கிறது, இப்படி. புதிய தொட்டி விடப்பட்டவற்றில் போயிற்று. தனி லைனும் வால்வுகளும் எடுத்துக்கொண்டவற்றில் வந்தன. நேரடி மோட்டார்களை அகற்றுவது, செலவுக் கட்டத்தில் பூஜ்யம் என்று போட்டு, நான்காவது வரியாக நின்றது. படிவத்தில் இதற்கு இடமில்லை என்பதால் விடப்பட்டவற்றின் தாளைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டினோம்.

501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 100 பேர் வர வேண்டும். நூறு நாள் வேலைக்காரர்களைக் கணக்குக்கு அழைத்துவந்து உட்கார வைத்துத்தான் அந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கை நிறைந்தது. செயலர் எடுத்துக்கொண்டவற்றைப் படித்தபோது ஒருவரும் நிமிரவில்லை. விடப்பட்டவற்றைப் படிக்கத் தொடங்கியதும் கூட்டம் திரும்பி உட்கார்ந்தது. கோயில் தெரு பேவர் பிளாக்கை ஏன் விட்டீர்கள் என்று பெரியவர் ஒருவர் எழுந்தார். இருக்கிற சிமெண்ட் சாலையில் உடைப்பில்லை என்று எழுதியிருந்ததைச் செயலர் வாசித்தார். அதை நீ போய்ப் பார்த்தாயா என்று அவர் கேட்டார். பார்த்ததாகச் செயலர் சொன்னார். அடுத்ததாக மோட்டார் வரிக்கு வந்தபோது சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து, குழிக்குள் இறங்கித் தண்ணீர் பிடித்த அந்த அம்மா, எந்தெந்த வீடு என்று பெயரையும் படிக்கச் சொன்னார்.