ரோடு பைக்கில் கை எட்டவில்லையா?

ஆசை ஆசையாய் ரோடு பைக், அதாவது வளைந்த ஹேண்டில்பார் கொண்ட ரேஸ் சைக்கிள், வாங்கியவர்களில் பலர் சில மாதங்களிலேயே அதை ஓரங்கட்டிவிடுகிறார்கள். கேட்டால் கழுத்து வலிக்கிறது, உள்ளங்கை மரத்துப்போகிறது என்கிறார்கள். "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. எட்டாத ஹேண்டில்பாருக்கு உடம்பு எதற்காகப் பழக வேண்டும்? அதைச் சைக்கிளோடு இணைத்துத் தாங்கி நிற்கும் சிறு துண்டான ஸ்டெம்மை மாற்றலாமே!

அதற்கு முன் இருக்கையைப் பாருங்கள். கை எட்டவில்லை என்று இருக்கையை முன்னால் தள்ளாதீர்கள். இருக்கையின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது கால்தான், கை அல்ல. அதன் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரமெல்லாம் கைக்கு வந்துவிடும்.

பிறகு ஸ்டெம். நடுத்தர அளவு ஃபிரேமில் பெரும்பாலும் 100 மி.மீ. நீள ஸ்டெம் வரும். 90, 80 என்று குறைத்துப் பார்க்கலாம். பிரேக் ஹூடை, அதாவது பிரேக் பிடிக்கு மேலே ரப்பர் உறை மூடிய பகுதியை, பிடித்திருக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. 70 மி.மீ.க்கும் கீழே போக வேண்டியிருந்தால் அநேகமாக ஃபிரேமே பெரிது. உட்கார்ந்து பார்க்கும்போது ஹேண்டில்பார் முன்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பை மறைத்தால் அளவு சரி என்றொரு பழைய கணக்கு உண்டு. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் சாய்வு ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும்போது அதை எப்படி நம்புவது?

புதிதாக வாங்காமலும் ஒரு வழி இருக்கிறது. பல ஸ்டெம்கள் 6 டிகிரி கோணத்தில் வருகின்றன. கீழ்நோக்கி மாட்டியிருக்கும் 100 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றித் திருப்பி மாட்டினால் ஹேண்டில்பார் ஏறக்குறைய 20 மி.மீ. உயரும், 6 மி.மீ. அருகிலும் வரும். மாட்டும்போது ஸ்டெம்முக்கு மேலே இருக்கும் மேல்மூடி போல்ட்டை முதலில் முடுக்குங்கள். ஃபோர்க் திரும்ப உதவும் ஹெட்செட் பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பதுதான் அதன் வேலை. ஸ்டெம்மைப் பிடித்து நிறுத்துவது பக்கவாட்டு போல்ட்கள். அவற்றை ஸ்டெம்மில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர், முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். ஸ்டெம் கவ்வியிருக்கும் ஃபோர்க் குழாய் கார்பன் என்றால் கைக்கணக்கு வேண்டவே வேண்டாம்.

ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் ஒரே துண்டாக வரும் பைக்குகளைப் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பது அநியாயம். 10 மி.மீ. குறைக்க முழுத் துண்டையும் மாற்ற வேண்டும். உள்ளே ஓடும் பிரேக் குழாய்களையும் பெரும்பாலும் கழற்ற வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக இவ்வளவா?

வாங்கப் போகிறவர்கள், பணம் கொடுக்கும் முன்பே வேறு நீள ஸ்டெம் மாட்டித் தருவார்களா என்று கேளுங்கள். தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.