தூக்குவாளி அணியின் சார்பில் ஒரு விளக்கம்

நேற்றிலிருந்து நம் பேஸ்புக் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கார் நிறுத்துமிடத்தில் ஒரு வேப்பமரம், அதன் கீழே பழைய பெட்ஷீட், அதில் என் அம்மா உட்கார்ந்து இலைப் பொட்டலத்தைப் பிரித்துப் புளியோதரை சாப்பிடுகிறார். மேலே ‘தூக்குவாளி அணி’ என்று தலைப்பு, வீட்டிலிருந்து தூக்குவாளியில் கட்டுச்சோறு கொண்டுபோனதற்காக. எடுத்தவர் யார், போட்டவர் யார் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், நான் சொல்லப்போவதில்லை. சிரிக்கிற பொம்மை மட்டும் 46. எண்ணிவிட்டேன். அதில் ஒன்று என் கூடப்பிறந்த தங்கச்சி போட்டது. சரி, இருக்கட்டும்.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வேனில் போன கேளிக்கைப் பூங்காவின் பெயர் இங்கே வேண்டாம். நுழைவுச்சீட்டோடு சேர்த்து முன்கூட்டியே ‘ஃபுட் பாஸ்’ வாங்கலாம். பெரியவர்களுக்கு 549, சின்னப் பிள்ளைகளுக்கு 399. மதியச் சாப்பாடு, சாயங்காலம் சிற்றுண்டியும் டீயும், ஒரு ஜூஸ், ஒரு ஐஸ்கிரீம். பக்கத்திலேயே பெரிய எழுத்தில், தனித்தனியாக வாங்கினால் 720 என்று போட்டு, அதைச் சிவப்பில் அடித்திருந்தார்கள். அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் என் சகலைக்குக் கை பரபரத்துவிட்டது. “அண்ணே, இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆளுக்கு 171 ரூவா மிச்சம்ல.”

மிச்சமாம். 720 ரூபாய்க்குச் சாப்பிடப் போகிறவனுக்குத்தான் அது மிச்சம். என் வீட்டில் அப்படிச் சாப்பிடுகிற ஆள் யாரும் இல்லை. இதைத்தான் குழுவில் எழுதினேன். இதற்குத்தான் ‘கஞ்சன்’ பட்டம்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். மகளுக்குப் பதினாலு வயது, உயரத்தை அளந்து பெரியவர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ஆக நாலு பெரிய பாஸ், ஒரு சின்ன பாஸ், 2,595 ரூபாய். இப்போது கட்டுச்சோறே கொண்டுபோகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, சர்க்கரை உண்டு. ஜூஸும் ஐஸ்கிரீமும் கொடுத்தால் நாளைக்கு டாக்டருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு தயிர்சாதம் 120, சீனி போடாத டீ 40. மகன் மதியச் சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான், அவனுக்கு ஐஸ்கிரீம் 120, பிரெஞ்ச் ஃப்ரைஸ் 130. மகளுக்குச் சாப்பாடு 350, ஐஸ்கிரீம் 120. வீட்டுக்காரம்மாவுக்குச் சாப்பாடும் டீயும் 390. எனக்குச் சாப்பாடு, ஒரு தட்டு பஜ்ஜி, டீ, ஆக மொத்தம் 500. கூட்டிப் பாருங்கள், 1,770. பாஸ் வாங்கியிருந்தால் 825 ரூபாய் கூடுதல். ஆளுக்கு 171 மிச்சம் என்றவர் இதை ஏன் போட்டுப் பார்க்கவில்லை?

இன்னொரு தடவை சொல்கிறேன், சிலருக்கு மெதுவாகத்தான் ஏறும். பலகையில் அடித்திருக்கும் விலையோடு பாஸை ஒப்பிடக் கூடாது. பாஸ் இல்லாவிட்டால் நீங்கள் என்ன வாங்குவீர்களோ, அதோடு ஒப்பிட வேண்டும். சாப்பாடு மட்டும் 350, பாஸ் 549. மேலே போடும் 199-க்கு சிற்றுண்டி, டீ, ஜூஸ், ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் நிஜமாகவே சாப்பிடுவீர்களா? ஆம் என்றால் தாராளமாக வாங்குங்கள். எங்கள் தெருவில் இரண்டு காலேஜ் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த பாஸ் வரப்பிரசாதம், கொடுக்கிறவனுக்குத்தான் நஷ்டம். வீட்டில் எல்லோரும் அந்த இரண்டு பையன்கள் மாதிரி இருந்தால் நானும் வாங்கியிருப்பேன்.

உடனே ஒருவர் வந்து, ‘அண்ணனுக்கு முன்பணம் கட்டுவதென்றாலே அலர்ஜி’ என்பார். அலர்ஜியா? 1998-இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதுரை சிம்மக்கல்லில் ஒரு மெஸ்ஸில் மாத அட்டை வாங்கிச் சாப்பிட்டவன் நான். ஒரு சாப்பாடு 15 ரூபாய், முப்பது கட்டம் போட்ட மஞ்சள் அட்டை. சாப்பிட்டுக் கைகழுவி வந்ததும் கல்லாவில் இருக்கும் பெரியவர் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கட்டத்தை அடிப்பார். சனிக்கிழமை உசிலம்பட்டிக்கு ஊருக்குப் போகிறேன் என்று முதல்நாளே சொல்லிவிட்டால் அந்தக் கட்டம் அப்படியே இருக்கும். மாதம் முடிந்தாலும் இருக்கும். ஒரு தடவை அம்மை போட்டுப் பதினோரு நாள் வரவில்லை, அத்தனை கட்டமும் அடுத்த மாதத்தில் வந்து சேர்ந்தது. அதுவும் முன்பணம்தான். இங்கே டோக்கனில் என்ன அச்சடித்திருக்கிறது தெரியுமா? ‘இன்று மட்டும்.’ சிற்றுண்டி டோக்கன் நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை மட்டும். அந்த நேரத்தில்தான் அலைக் குளத்தில் பெரிய அலை விடுகிறார்கள். ஈரத்துணியோடு எந்தப் பிள்ளை மேலே ஏறி வந்து போண்டாவுக்கு வரிசையில் நிற்கும்? நீங்கள் மறக்கிற டோக்கனிலும்தான் அவர்களுக்கு லாபம். விலை போடும்போதே இத்தனை பேர் மறப்பார்கள் என்று போடாமலா இருப்பார்கள்?

‘அமெரிக்காவில் டிஸ்னியிலேயே இந்த மாதிரி பாஸ் இருக்கிறது’ என்று நம்ம ஆள் ஒருவர் குழுவில் எழுதினார். அடேங்கப்பா. இருக்கிறது, நானும் விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆர்லாண்டோ பக்கம் இருக்கும் டிஸ்னி வேர்ல்டில் ‘டைனிங் பிளான்’ என்று பெயர். கொரோனாவில் நிறுத்தி, 2024 ஜனவரியில் மறுபடி கொண்டுவந்தார்கள். அவர்களுடைய விடுதியில் தங்குகிறவர்களுக்குத்தான் அது. ஒருவர் எடுத்தால் அந்த முன்பதிவில் இருக்கும் மூன்று வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் எடுக்க வேண்டும், டிப்ஸ் தனி, அறையைக் காலி செய்கிற அன்றைக்கு நள்ளிரவோடு மிச்சமெல்லாம் காலாவதி. அங்கேயும் கொறிக்கிற ஆளுக்கும் சேர்த்துத்தான் கட்ட வேண்டியிருக்கிறது. டிஸ்னி செய்தால் நம் கணக்கு மாறிவிடுமா?

இன்னொருவர் சட்டம் பேசினார். வெளிச் சாப்பாட்டைத் தடுப்பது அவர்கள் உரிமை, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதாம். 2023 ஜனவரியில் வந்த தீர்ப்பு அது, சினிமா தியேட்டர் வழக்கு. வெளித் தின்பண்டத்தைத் தியேட்டர்காரர் தடுக்கலாம் என்றது. கூடவே குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கு உணவு கொண்டுவந்தால் தடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. அந்த இரண்டாவது பாதியை யாரும் பகிர்வதில்லை. ஆனால் நான் எங்கே வாக்குவாதம் செய்தேன்? வாசலில் விடமாட்டோம் என்றார்கள், சரி என்று தூக்குவாளியை வேனிலேயே வைத்துவிட்டேன். மதியம் கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்து மரத்தடியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போனோம். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே சாப்பாட்டு வரிசையில் நம்ம ஆட்கள் நாற்பது நிமிடம் நின்றார்கள்.

அதிகம் வந்த கேள்வி, ‘உங்க வீட்டம்மா நாலு மணிக்கு எந்திரிச்சுப் புளிக்காய்ச்சல் கிண்டினாங்களே, அதுக்கு எவ்வளவு போட்டீங்க?’ இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரம்மாவும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, “ஏங்க, என்னோட நாலு மணியை எந்த வரியில எழுதியிருக்கீங்க?” என்றார். நியாயமான கேள்வி. வாழையிலையை அடுப்பில் வாட்டித் துடைத்துப் பொட்டலம் கட்டியது நான்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அடுத்த கேள்விக்குப் போவோம்.

‘வருஷத்துக்கு ஒரு நாள், சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே?’ இருந்தோமே! சந்தோஷத்தில் என்ன குறை கண்டீர்கள்? உள்ளேயும் பட்டினி கிடக்கவில்லை. இரண்டு ஐஸ்கிரீம், ஒரு ஜூஸ், இரண்டு தட்டு பஜ்ஜி, மூன்று டீ, 680 ரூபாய். ஐஸ்கிரீமை மகன் மோவாய் வரைக்கும் பூசிக்கொண்டுதான் தின்றான். பாஸ் வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்த்தேன். காசு கட்டியாச்சு, விடக் கூடாது என்று மூன்றாம் தடவை பிரியாணி போட்டுக்கொண்டு, நேராகப் போய் ராட்டினத்தில் ஏறி, இறங்கிய ஒரு பையனுக்கு என் மகள்தான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். யார் பிள்ளை என்று சொல்லமாட்டேன். படம் எடுத்துப் போடுகிற பழக்கமும் எனக்கு இல்லை.

சின்ன வயதில் சித்திரைப் பொருட்காட்சிக்குச் செல்லூரிலிருந்து கோரிப்பாளையம் வழியாக நடந்தேதான் தமுக்கம் மைதானத்துக்குப் போவோம். இதே தூக்குவாளி, அதில் எலுமிச்சைச் சாதம். காந்தி மியூசியம் பக்கம் மரத்தடியில் சாப்பிட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பார் அப்பா. உள்ளே ஒரே ஒரு டெல்லி அப்பளம், முறம் அகலத்துக்கு, மிளகாய்ப்பொடி தூவி. அப்பாதான் உடைப்பார். பெரிய துண்டு அவருக்கு. “காசு குடுத்தவன் நான்டா” என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை எங்கள் நாலு பேருக்கும் பிரித்துக் கொடுப்பார். நொறுங்கி விழுந்த தூளுக்கு எனக்கும் தங்கச்சிக்கும் அடிதடி நடக்கும். ஆமாம், 46-இல் ஒருத்தியாகிவிட்ட அதே தங்கச்சிதான். அன்றைக்கு எங்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து மரத்தடியிலும் ஒரு தூக்குவாளி இருக்கும், அதற்கடுத்த மரத்தடியிலும் இருக்கும். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு வைகைக் கரையில் பாதி ஊர் கட்டுச்சோறு அவிழ்த்து உட்கார்ந்திருக்கிற ஊர் இது. அந்த ஊரில் புளியோதரை எப்போது கேலிக்குரியதானது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அம்மா இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும், “பாட்டி, நீங்க பேஸ்புக்ல வந்திருக்கீங்களாமே” என்று கேட்டிருக்கிறார். அதிலிருந்து, ‘படத்துல நல்லா இருக்கேனாடா’ என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். நல்லா இருக்கீங்கம்மா என்றேன். வேறென்ன சொல்ல?

சகலை வீட்டுக் கணக்கையும் போட்டுவிட்டேன். பாரபட்சம் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது பாருங்கள். மூன்று பெரிய பாஸ், ஒரு சின்ன பாஸ், 2,046 ரூபாய். திரும்பி வரும்போது அவர் சட்டைப் பையில் நாலு சிற்றுண்டி டோக்கனும் இரண்டு ஜூஸ் டோக்கனும் அப்படியே இருந்தன, என்னிடமே எடுத்துக் காட்டினார். பலகை விலைப்படியே 800 ரூபாய் போச்சு. நாலு பேருக்கு 2,880-இல் 800 போனால் சாப்பிட்டது 2,080. கட்டியது 2,046. ஆக 34 ரூபாய் லாபம். ஒப்புக்கொள்கிறேன், பாஸ் வாங்கியதில் அவருக்கு 34 ரூபாய் மிச்சம். வாழ்த்துகள்.

மிச்சக் கதையையும் அவர் போட்டிருக்கலாம், போடவில்லை, நான் சொல்கிறேன். ராத்திரி எட்டு மணிவாக்கில் கொடைரோடு டோல்கேட் தாண்டி ஒரு டீக்கடையில் வேன் நின்றது. எல்லோருக்கும் பசி. “அண்ணே, அந்தப் புளியோதரை கொஞ்சம் இருக்கா?” என்று கேட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? இருந்தது. அம்மாதான் கையில் உருட்டி உருட்டிக் கொடுத்தார். நாலு உருண்டை. கடலைப்பருப்பு நிறைய வருகிற மாதிரி அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு, “காலைக்கும் ஆகும்ணே” என்று வாளியோடு வாங்கிக்கொண்டு அண்ணாநகரில் இறங்கிப் போனார். படத்தைக் குழுவில் போட்டது அதற்கப்புறம், 10.52-க்கு.

வாளி இன்னும் வரவில்லை. அடியில் அப்பா பெயரின் முதல் எழுத்து வெட்டியிருக்கும். மூடி ஒரு பக்கம் நெளிந்திருக்கும், அதுவும் எங்களுடையதுதான். இரண்டையும் கழுவிக் கொடுத்தனுப்பவும்.