தேர் ஒன்று, பாதை இரண்டு: ரிவியையும் இன்ரநெற்றையும் பற்றி

நல்லூர்த் தேரன்று அம்மா வீட்டில் கேபிளில் பார்த்துக்கொண்டிருந்தார். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா அதே காட்சியை இன்ரநெற்றில் பார்த்தபடி வட்ஸ்அப்பில் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். சண்முகர் தேரில் ஏறியதும் அம்மா "அரோகரா" என்று குரல் கொடுத்தார். அக்கா, "என்னம்மா, ஏறியாச்சோ? எனக்கு இன்னும் வாசலிலதானே நிக்கிறார்" என்றார். அரை நிமிடம் பிந்தித்தான் அவருக்குச் சண்முகர் ஏறினார்.

இங்கே காலை ஏழு மணி என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு ஒன்பதரை. எல்லாரும் வேலை முடிந்து வீட்டில் இருக்கும் நேரம். சிட்னியில் முற்பகல் பதினொன்றரை. லண்டனில் அதிகாலை இரண்டரை. லண்டன் தம்பி எழும்பிப் பார்க்கும்போது நாலு மணித்தியால வீடியோ ஒன்று கிடக்கும். தேர் அசையும் இடத்தைத் தேடிப்பிடிக்கவே அவனுக்குப் பொறுமை இருக்காது, வேலைக்கு ஓடிவிடுவான்.

இருபது வருடமாக வீடியோ எடுப்பதுதான் என் தொழில். கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு, கோயில் திருவிழா எல்லாம் எடுத்திருக்கிறேன். என்னிடம் வரும் பெடியள் எல்லாரும் "அண்ணை, ஒரு யூரியூப் சனல் தொடங்கப் போறன்" என்கிறார்கள். தொடங்கட்டும், நல்லது. ஆனால் யாழ்ப்பாணத்தில் உண்மையான தொழில் வாய்ப்பு இன்னொரு சனலில் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஏற்கெனவே வீடு வீடாக ஓடும் கேபிளையும் கடல் கடந்து போகும் இன்ரநெற்றையும் ஒரே நிகழ்ச்சிக்காகச் சேர்த்துக் கட்டுவதில் இருக்கிறது.

ஏன் இரண்டும் வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தெளிவான நேரலைக்கு நொடிக்கு 5 மெகாபிற் என்று வைத்தால், ஒருவர் ஒரு மணித்தியாலம் பார்க்க இரண்டேகால் ஜிகாபைற் போகும். ஆயிரம் பேர் மூன்று மணித்தியாலம் பார்த்தால் 6,750 ஜிகாபைற். அதற்கு யாரோ ஒருவர் பணம் கட்டத்தான் வேண்டும், பார்க்கிறவரோ அனுப்புகிறவரோ. இன்ரநெற்றில் ஆள் கூடக் கூடச் செலவும் கூடும். கேபிளிலும் ரிவிக் கோபுரத்திலிருந்து அன்ரெனாவுக்கு வரும் ஒளிபரப்பிலும் அப்படியில்லை. பத்து வீடு பார்த்தாலும் பத்தாயிரம் வீடு பார்த்தாலும் அனுப்பும் செலவு ஒன்றுதான். உள்ளூர்ச் சனத்துக்குக் கேபிள், வெளிநாட்டுச் சனத்துக்கு இன்ரநெற் என்று பிரித்துக் கொடுத்தால் இரண்டு பக்கமும் கட்டுப்படியாகும்.

பணம் வரும் வழி விளம்பரத்தில் இருக்கிறது. இன்றைக்கு உள்ளூர் நேரலைகளில் கஸ்தூரியார் வீதி நகைக்கடையின் விளம்பரம் அப்படியே ரொறன்ரோ ஸ்காபரோவுக்கும் பாரிஸ் லாச்சப்பலுக்கும் போகிறது. அங்கே இருப்பவருக்கு அதனால் என்ன பயன்? நிகழ்ச்சியோடு சேர்த்து "இந்த இடத்தில் விளம்பர இடைவேளை" என்று கண்ணுக்குத் தெரியாத குறியொன்றை அனுப்பும் முறை எத்தனையோ காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. எஸ்சிரிஈ-35 என்பது அதற்கான தரத்தின் பெயர். அந்தக் குறியைக் கண்டதும் இன்ரநெற் பக்கத்தில் ஊருக்கு ஊர் வேறு விளம்பரத்தைச் செருகலாம். ஸ்காபரோவில் வீடு விற்கும் முகவர், லாச்சப்பல் புடைவைக் கடைக்காரர், லண்டன் ஹரோவில் கேற்றரிங் செய்பவர் எல்லாரும் இங்கிருந்து போகும் நிகழ்ச்சிக்குக் காசு கொடுக்கத் தயாராகத்தான் இருப்பார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர்கள் முழுப்பேரும் அந்த நேரத்தில் ஒரே தேரைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

வெளியில் இதெல்லாம் பழைய கதை. ஐரோப்பாவில் எச்பிபிரிவி என்றொரு தரம் இருக்கிறது. ஒளிபரப்போடு ஓர் இணைய முகவரியும் வரும், ரிவி அதைப் பிடித்து மேலதிக விடயங்களை இன்ரநெற்றிலிருந்து எடுத்துக் காட்டும். ஜப்பானில் என்எச்கே 2013இல் ஹைபிரிட்காஸ்ற் என்ற பெயரில் இதே மாதிரி ஒன்றைத் தொடங்கியது. பிரித்தானியாவில் பிபிசி, ஐரிவி, சனல் 4, சனல் 5 எல்லாம் ஒன்றுகூடி 2024இல் ஃபிரீலியைக் கொண்டுவந்தன. அன்ரெனா இல்லாத வீட்டிலும் அந்தச் சனல்களை இன்ரநெற்றில் நேரடியாகப் பார்க்கலாம். இலங்கை 2014இல் ஜப்பானின் டிஜிற்றல் ரிவி ஒளிபரப்பு முறையைத் தேர்ந்தெடுத்தது, அது இழுபட்டுக்கொண்டே போகிறது. அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் என் நிலைப்பாடு. ரிவித் திரையின் மூலையில் ஒரு கியூஆர் குறி போதும். பக்கத்தில் கிடக்கும் கைபேசியால் அதைப் பிடித்தால் மிச்சத்தை இன்ரநெற் பார்த்துக்கொள்ளும்.

மரண அறிவித்தலையே எடுங்கள். உள்ளூர்க் கேபிளில் அது எவ்வளவு முக்கியம் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். அந்த அறிவித்தலில் கியூஆர் குறியொன்றைச் சேர்த்தால், கிரியை நேரலை, வீட்டுக்கு வழி, அனுதாபச் செய்தி எழுதும் இடம் மூன்றும் ஒரே பக்கத்தில் வந்துவிடும்.

ரியூசன் இன்னொன்று. உயர்தரப் பாடத்தைக் கேபிளில் விட்டால் டேற்றா இல்லாத பிள்ளையும் பார்க்கும். கேள்வி கேட்கவும் கடந்தகால வினாத்தாள் எடுக்கவும் மட்டும் இன்ரநெற்றுக்குப் போகலாம், அதற்குச் சின்ன டேற்றா அட்டையே காணும். கொரோனா நேரத்தில் முழு வகுப்பையும் கைபேசியில் நடத்தி எத்தனை பிள்ளைகளை வெளியில் விட்டோம் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் பொறுக்குதில்லை.

பிறகு வடக்கின் பெரும் போர். 1904இலிருந்து யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் ஆடுகிற கிரிக்கெற் ஆட்டம். பழைய மாணவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். மூன்று நாள் ஆட்டத்தை வேலை செய்கிற யாரும் முழுக்கப் பார்க்க முடியாது. விக்கெற்றுகளை மட்டும் வெட்டி அன்றன்றே பத்து நிமிடமாகக் கொடுத்தால் சந்தா கட்ட ஆட்கள் இருக்கிறார்கள். வர்ணனையைத் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டாகக் கொடுக்கலாம். தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்குத் திருவிழாவை விளக்க திரையின் கீழே பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் எழுத்து வரி போடலாம். வெட்டுவது, மொழிபெயர்ப்பது, ஸ்கோர் பலகை போடுவது எல்லாமே யாழ்ப்பாணத்துப் பெடியளும் பெட்டைகளும் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை.

ஒரு விடயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு செத்த வீட்டை இலவசத் தளமொன்றில் நேரலையாகக் கொடுத்தேன். கடைசி மகன் வெளிநாட்டில், வர முடியவில்லை. பின்னால் யாரோ ஒலிபெருக்கியில் தேவாரப் பதிவொன்றைப் போட்டார்கள். உரிமை மீறல் என்று அந்தத் தளம் நேரலையை நிறுத்திவிட்டது. வாய்க்கரிசி போடும் நேரம் அது. அந்தப் பிள்ளை அதைப் பார்க்கவேயில்லை. அன்றிலிருந்து ஒரே தளத்தை நம்பி நான் எந்த வேலையும் எடுப்பதில்லை, இரண்டு வழியில் அனுப்புகிறேன்.

உரிமை என்பது எங்கள் பக்கத்திலும் இருக்கிறது. தேரடியில் நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கிறவருக்கு வாசித்ததற்கான கூலி மட்டும்தான். அந்த வாசிப்பு நாலு நாட்டில் விளம்பரத்தோடு ஓடினால் அவருக்கும் ஒரு பங்கு போகவேண்டும், கோயிலுக்கும் போகவேண்டும். அதை முதலிலேயே எழுத்தில் போட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

வருகிற வைகாசியில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் இதைச் சின்ன அளவில் செய்து பார்க்கலாம் என்று பரிபாலன சபையோடு கதைத்திருக்கிறேன். உள்ளூர்க் கேபிள்காரர் சம்மதித்துவிட்டார். பத்து நாளும் கேபிளில் நேரலை, வெளிநாட்டுக்குத் தனி வழி, ஒவ்வொரு இரவும் இருபது நிமிடச் சுருக்கம். விளம்பரம் செருகும் மென்பொருளில் கைபட்ட அனுபவம் உள்ளவர் யாராவது இங்கே இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். எனக்குக் கமரா தெரியும், அந்தப் பக்கம் தெரியாது.