கேத்தியில் இடம் வாங்குகிறவர்கள் வியூவைப் பார்க்கிறார்கள், தண்ணீர் போகும் வழியைப் பார்ப்பதில்லை

ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே இருக்கும் கேத்தியை ஊர் என்பதா, நகரம் என்பதா? எல்லநள்ளியில் நெடுஞ்சாலையோரம் பேக்கரி, ஏடிஎம், ஹார்டுவேர் கடை, 1949-இல் தொடங்கிய ஊசித் தொழிற்சாலை. கொஞ்சம் இறங்கினால் பொறியியல் கல்லூரி, மலை ரயில் நிலையம். இன்னும் இறங்கினால் கேத்தி பாலாடாவில் கண்ணுக்கெட்டிய தூரம் கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, பூண்டு. இடையிடையே ஹட்டிகள் எனப்படும் படுகர் கிராமங்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் குடியிருப்புகள். இப்போது இவற்றுக்கு நடுவில் சரிவுக்குச் சரிவு வில்லாக்கள். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாதபோது செடியைப் பிடுங்கி மனை போட்டால் யாரைக் குறை சொல்வது? விற்பவர் மேல் எனக்குக் கோபமில்லை. வாங்கியவர் அந்தச் சரிவை வெட்டும் விதத்தில்தான் பிரச்சினை.

பழைய ஹட்டிகளைக் கவனித்துப் பாருங்கள். வீடுகள் சரிவின் குறுக்கே வரிசையாக, வெயில் படும் மேட்டில் இருக்கும். பள்ளத்தின் அடியில் யாரும் வீடு கட்டவில்லை. டிசம்பர், ஜனவரியில் குளிர்காற்று இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும், உறைபனியும் அங்கேதான் கொட்டும். ஈரம் வற்றாத மண் வேறு. காய்கறிக்கு அது வரம், அஸ்திவாரத்துக்குச் சாபம்.

2009 நவம்பர் 10 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் பதிவான மழை 820 மி.மீ. ஊட்டியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதில் பாதிக்கும் மேல் ஒரே நாளில். அச்சனக்கல் உட்படப் பல இடங்களில் மண் சரிந்து, மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த ஐப்பசி மழையைப் பார்த்த பிறகும் 12 அடிச் சரிவை ஒரே வெட்டாகச் செங்குத்தாக இறக்குகிறார்கள்.

அதில் நடப்பது இதுதான். வெட்டிய செம்மண்ணை முன்பக்கம் தள்ளி மட்டம் பண்ணுகிறார்கள். வீட்டின் பின்பாதி கெட்டியான மண்ணில், முன்பாதி கொட்டிய மண்ணில். முதல் மழையிலோ இரண்டாவது மழையிலோ முன்பாதி இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். மேஸ்திரி பட்டி பார்த்து பெயின்ட் அடிப்பார், அடுத்த வருஷம் அதே இடத்தில் மறுபடி திறக்கும். மண்ணை நகர்த்தாமல் வீட்டையே சரிவுக்கு ஏற்ப இரண்டு மட்டமாகப் பிரித்துக் கட்டினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஆறடிக்குள் படிப்படியாக, இடையில் அகலமான திட்டு விட்டு வெட்டுங்கள்.

தடுப்புச்சுவரை உடைப்பது பெரும்பாலும் மண்ணின் எடை மட்டுமில்லை, பின்னால் தேங்கும் தண்ணீர். கருங்கல் சுவரானால் அடி அகலம் உயரத்தில் பாதியாவது வேண்டும். ஐந்தடிக்கு ஒன்றாக மூன்று அங்குலக் குழாய், வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக. சுவருக்குப் பின்னால் ஓரடிக்கு வெறும் ஜல்லி, அதற்குப் பிறகுதான் மண். ஜல்லி போடாமல் களிமண்ணை நேராகக் கொட்டினால் குழாய் ஒரே பருவத்தில் அடைத்துவிடும். பூச்சு வேலை அழகாக வர வேண்டும் என்று துளைகளையே மூடிவிடும் மகானுபாவர்களும் உண்டு.

வெட்டுக்கு மேலே ஒரு வாய்க்கால் எடுத்து, மேலிருந்து வரும் நீரைப் பக்கவாட்டில் ஓடைக்குத் திருப்ப வேண்டும். 1,000 சதுர அடிக் கூரையில் 100 மி.மீ. மழை விழுந்தால் ஏறக்குறைய 9,300 லிட்டர். அதைக் குழாயில் இறக்காமல் சரிவில் விட்டால் கீழ்வீட்டுக்காரரின் சுவர்தான் வாங்கிக்கொள்ளும். செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழியும் அப்படியே. அதைத் தடுப்புச்சுவர் தலைமேல் தோண்டுவதைவிட முட்டாள்தனம் இல்லை.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். விவசாயிகள் செய்வதெல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. விடியுமுன் ஹெட்லைட் கட்டிக்கொண்டு பிடுங்கும் கேரட்டை மெஷினில் கழுவி, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்றுகிறார்கள். கழுவிய சேறு ஓடையில் கலந்து காட்டேரி அணையை நோக்கிப் போகிறது. இரண்டு தொட்டி கட்டி, வண்டலைத் தங்கவிட்டுத் தெளிந்த நீரை வெளியேற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தங்கிய வண்டல் தோட்டத்து மேல்மண்தானே, திரும்பத் தோட்டத்துக்கே போகலாம். மெஷினுக்கு அனுமதி தரும்போதே இதை நிபந்தனையாக்க வேண்டும்.

ஆனால் நள்ளிரவில் லாரி சத்தம், கோழி எரு நாற்றம் என்று புகார் எழுதும் புதுக் குடியிருப்பாளர்களிடம் எனக்கு இரக்கம் வரவில்லை. கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று மூன்று போகம் உருளை போட்ட பூமி இது. எரு மணக்கத்தான் செய்யும்.

இடம் பார்க்க ஏப்ரல், மேயில் வராதீர்கள். அப்போது எல்லாச் சரிவும் உறுதியாகத்தான் தெரியும். அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ, மழை பெய்துகொண்டிருக்கும்போதே வந்து மனைக்குள் எங்கே நீர் கசிகிறது, எந்த மரம் சாய்ந்து நிற்கிறது, பக்கத்துச் சாலை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். கீழ்த்தோட்டக்காரரிடம் 2009-இல் இந்த இடத்தில் என்ன ஆனது என்று கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார். ஆழ்துளைக் கிணற்றுக்கு மாவட்டத்தில் தடை இருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து என்பதை அட்வான்ஸ் கொடுக்குமுன் கேளுங்கள். 7 மீட்டர் உயரத்துக்குமேல் கட்ட முடியாது, கலெக்டர் அனுமதியில்லாமல் ஜேசிபி இறக்கவும் முடியாது. "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லும் கான்ட்ராக்டரை அங்கேயே அனுப்பிவிடுங்கள்.