அம்பாசடருக்கு வேறு என்ஜின் போடும் முன்

மதுரைப் பக்கம் பழைய கார் எடுத்துச் சரிசெய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். மார்க் 2, மார்க் 3 அம்பாசடர், பத்மினி, அபூர்வமாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தாத்தா ஓட்டிய வண்டி மறுபடி ரோட்டுக்கு வரணும் என்று சொந்தக் காசைப் போட்டுச் செய்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் வண்டி பட்டறைக்குள் நுழைந்ததும் வருகிற முதல் கேள்வி, "அண்ணே, இதுக்கு எந்த என்ஜின் செட் ஆகும்?" என்பதுதான். இங்கேதான் எனக்கு மனசு ஒப்பவில்லை.

நான் மாற்றமே கூடாது என்கிற ஆள் இல்லை. வரிசை தப்பாக இருக்கிறது என்கிறேன். முதலில் பிரேக், அப்புறம் ஹவுசிங்கும் (பின் அச்சின் கியர் இருக்கும் கூடு) அதற்கு என்ஜின் பக்கத்திலிருந்து சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டும், கடைசியில்தான் என்ஜின். பாடியில் கேஸ் கட்டர் படாமல் செய்ய முடியாத எந்த மாற்றமும் வேண்டாம்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பட்டறையில், டீசல் என்ஜின் மாற்றிய அம்பாசடர் ஒன்றின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். புது என்ஜினின் ஆயில் சம்ப் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இடிக்கிறது என்று முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில் அரைவட்டமாக வெட்டி, மேலே ஒரு தகடு வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். அம்பாசடருக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. பாடியும் அடிச்சட்டமும் ஒரே கூடு. முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி, அதாவது டார்ஷன் பார், வாங்குகிற பளு முழுவதும் அந்தக் கூட்டுக்குத்தான் போகிறது. அதில் கைவைத்தால் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பற்றவைப்பு இழுபடும். கொஞ்சம் பின்னால் வந்தால் புரொபெல்லர் ஷாஃப்ட், நான் மேலே சொன்ன ஷாஃப்ட். நீளம் கூடுதல் என்று நடுவில் அறுத்துச் சேர்த்திருக்கிறார்கள். அதன் இரண்டு முனையிலும் கவை மாதிரி இருக்கும் முன்முனை யோக்கும் பின்முனை யோக்கும் ஒரே நேரில் நிற்கவேண்டும், இதில் ஒன்று திரும்பி நின்றது. வண்டி 60-ஐத் தாண்டினால் தரை அதிருகிறது என்று உரிமையாளர் சொன்னதற்குக் காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. அதுவரை அவர் யோக்குகளை இணைக்கும் சிலுவைத் துண்டான கிராஸை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். கியர்பாக்ஸ் வெளிவரும் கோணமும் பின் அச்சில் ஷாஃப்ட் சேரும் பினியன் நிற்கும் கோணமும் இணையாக இல்லாவிட்டாலும் இதே அதிர்வு வரும். லேத்தில் ஷாஃப்டை பேலன்ஸ் பார்க்காமல் மாட்டினாலும் வரும். என்ஜின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதற்கு அது மருந்தாகாது.

"வண்டிக்கு பவர் பத்தல, நாலுவழிச் சாலையில் கதறுது" என்பார்கள். கதறுவது வேறு, பவர் பத்தாதது வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 667 சுற்று சுற்றும். பின் அச்சின் கியர் விகிதம், அதாவது கிரவுன் பினியன் விகிதம், 4.5 என்றால், டாப் கியரில் என்ஜின் 3000 சுற்று ஓடியே ஆகவேண்டும். விகிதம் 4 ஆக இருந்தால் அதே வேகத்துக்கு 2700-க்குள் போதும். ஐந்தாவது கியர் உள்ள பாக்ஸ் கிடைத்தால் இன்னும் இறங்கும். கிராங்க் ஷாஃப்டைத் தாங்க மூன்றே மெயின் பேரிங் உள்ள, அம்பாசடரின் அந்த 1489 சி.சி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) என்ஜினுக்கு இந்த இறக்கமே பெரிய நிம்மதி. சுமார் 50 குதிரைத்திறன் என்பது ஒன்றும் கேவலம் இல்லை. திண்டுக்கல் வரை 80-ல் போய்வர அது தாராளம். ஒரே ஒரு எச்சரிக்கை: விகிதத்தை ரொம்பக் குறைத்தால் வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது இரண்டாவது கியரிலேயே உட்காரவேண்டிவரும். யார் எங்கே ஓட்டப்போகிறார் என்று பார்த்துத்தான் இதை முடிவு செய்யவேண்டும்.

கம்பெனியே மாற்றவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றியது. 1990-களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இசுசு 1800 என்ஜினை அம்பாசடரில் போட்டது, சுமார் 75 குதிரைத்திறன். ஆனால் அது என்ஜினை மட்டும் இறக்கவில்லை. கூடவே ஐந்து கியர் பாக்ஸ் வந்தது. அதற்கேற்ற மவுண்டிங் வந்தது. பிற்பாடு முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் வந்தது. என்ஜின் மாற்றித்தான் ஆகணும் என்றால் இந்த வழியில் போங்கள். அதே குடும்பத்து உறுப்பு, அதே கம்பெனி யோசித்து வைத்த இடம். ஆனால் ஸ்டியரிங் பக்கத்துக் கை கியர் போய்த் தரையிலிருந்து எழும் கீழ் கியர் வரும், தரையில் ஓட்டை விழும், முன்னால் மூன்று பேர் உட்காரும் அந்த நீள சீட் போய்விடும். அப்பா ஓட்ட, அம்மா ஓரத்தில் இருக்க, நடுவில் நாம் உட்கார்ந்து அழகர்கோயிலுக்குப் போன வண்டி அது. எனக்கு அந்த சீட் வேண்டும். அதற்காக 25 குதிரைத்திறனை விட்டுக்கொடுக்கத் தயார்.

பிரேக்கைப் பற்றிப் பேச ஆளே இல்லை. 60-லிருந்து 90-க்கு வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. நிறுத்தும்போது பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டி அது. சிறுமலை இறக்கத்தில் நாலைந்து வளைவு தொடர்ந்து மிதித்தாலே லைனர் சூடாகிப் பிடி தளரும். நத்தம் ரோட்டு மேம்பாலத்தில் இதே வண்டியை 100-ல் விரட்டவென்று என்ஜின் போட்டுக் கொடுக்கிறவர், பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் அனுப்புகிறார். இது எனக்குக் கோபம் வருகிற விஷயம். அந்த வண்டியில் குடும்பம் ஏறுகிறது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவுப்படி, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. (பதிவுச் சான்று) விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. 2021-ல் வந்த விண்டேஜ் விதிகள் 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' என்ற தனி வரிசை எண் தருகின்றன. ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. 1974 மாடல் மார்க் 2 வைத்திருப்பவர் இன்று என்ஜினை மாற்றினால் அந்தக் கதவைத் தானே சாத்திக்கொள்கிறார்.

அப்படியானால் பழைய என்ஜினுக்கு என்ன செய்யலாம்? நிறைய. நல்ல லேத்துப் பட்டறையில் சிலிண்டர் துளையின் அகலத்தை (போர்) அளந்து, தேய்ந்திருந்தால் ஓவர்சைஸ் பிஸ்டன் போடுங்கள். கிராங்கை கிரைண்ட் செய்து பேரிங் மாற்றுங்கள். ஹெட்டைக் கழற்றும்போதே எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் கடினமான சீட் வளையம் அடித்துவிடுங்கள், 2000-லேயே ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது, பழைய சீட் ஈயம் தந்த பாதுகாப்பை நம்பி இருந்தது. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதனால் பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பு டயாப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் எத்தனால் தாங்கும் சரக்காக மாற்றவேண்டும். இதைச் செய்யாமல் என்ஜினைத் திட்டுபவர்கள் அதிகம். தீப்பொறியைத் தட்டிவிடும் பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். ரேடியேட்டரின் மேல் டேங்கைப் பிரித்துக் குழாய்களைச் சுத்தம் செய்து, கூட ஒரு எலக்ட்ரிக் ஃபேன். சித்திரைத் திருவிழா நெரிசலில் கோரிப்பாளையத்தில் மாட்டிக்கொண்டாலும் சூட்டு மீட்டர் ஊசி நடுவில் நிற்கும். இவை பெரும்பாலும் போல்ட் கழற்றி மாட்டும் வேலைதான். பாடியில் வெட்டு விழாது, பழைய உறுப்பு எப்போது வேண்டுமானாலும் திரும்ப உட்காரும்.

இவ்வளவு சொன்ன பிறகும் மாற்றுகிறவர்கள் மாற்றத்தான் போகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கழற்றிய என்ஜினைக் கிலோ கணக்கில் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பிளக் துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டுக் கையால் சுற்றி, துளைகளை எல்லாம் அடைத்து, தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். கியர்பாக்ஸையும் ஷாஃப்டையும் அதன் பக்கத்திலேயே வையுங்கள். உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது அந்த என்ஜினின் நம்பர்.