மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை
மனநல சிகிச்சை பெறுபவர்கள் நாட்டு மருந்து சாப்பிடுவதை மருத்துவரிடம் மறைக்கிறார்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. என் அண்ணன் மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார். ஏற்காடு அடிவாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நெருஞ்சில் கஷாயத்தை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. அண்ணனுக்கு வந்த கல்லடைப்புக்கு அம்மா அதை இரண்டு வாரம் காய்ச்சிக் கொடுத்தார். கை நடுங்கி, நடை தள்ளாடி, பேச்சும் குழறிய பிறகுதான் சேலத்துக்கு ஓடி இரத்தப் பரிசோதனை செய்தோம். பொதுவாக லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தாண்டக்கூடாத லித்தியம் அளவு 1.9 இருந்தது. நெருஞ்சில் போல சிறுநீரைப் பெருக்குபவை உடலின் நீரையும் உப்பையும் குறைத்து, லித்தியத்தை இரத்தத்தில் தேங்க வைக்கலாம் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அத்தனை ஆண்டுகளில், "வீட்டில் வேறு என்ன குடிக்கிறீர்கள்?" என்று மருத்துவர் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அம்மா ஒன்றையும் ஒளித்திருக்க மாட்டார்.